கொல்லிமலையில் முகம் காட்டும் போன்

“மச்சான், நீங்க எழுதற பத்தியால இங்க மலையில ஒரு நிச்சயம் நின்னுக்கிட்டு இருக்குதுங்க. நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்க” என்று என் தங்கையின் கணவர் பஷீர் பினாங்குக்குத் தொலைபேசியில் சொன்னபோது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் கிளம்பினேன்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, சரியாக நினைவில்லை. கைத்தொலைபேசியில் காமிரா வைத்து விற்பது அப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருந்தது. நான் பினாங்கில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் வேலை பார்த்தேன். அதில் பாதிப் பக்கம் என்னுடையது. ‘வரப்போகுதாம்’ என்று பெயர். அடுத்து எந்த மாதிரி போன் வரும், கணினியில் ஓடும் மென்பொருளின் புதுப் பதிப்பில் என்ன இருக்கும் என்று வாராவாரம் எழுதுவேன். எல்லாமே கேள்விப்பட்டதுதான். போன் கடைத் தெருவில் எனக்கு ஒரு சீனத் தம்பி பழக்கம். அவனுக்கு ஹாங்காங்கில் ஒரு சித்தப்பா. அந்தச் சித்தப்பாவுக்குத் தெரியாத போன் கிடையாது. ‘இவை உறுதி செய்யப்படாத செய்திகள்’ என்று கீழே சின்ன எழுத்தில் போடுவோம். இடம் போதாத வாரங்களில் அந்த வரியைத்தான் முதலில் எடுப்பார்கள்.

பத்திரிகையைச் சேர்த்து வைத்து மாதம் ஒருமுறை தங்கை நூருக்குத் தபாலில் அனுப்புவது என் வழக்கம். அவள் படித்தாளோ இல்லையோ, பஷீர் படித்தார். கொல்லிமலை அடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் ரேடியோவும் போனும் விற்கும் கடை அவருடையது. மலையிலிருந்து இறங்கி வரும் விவசாயிகள் டார்ச் லைட்டுக்கு மருந்துக்கட்டை என்கிற பேட்டரி வாங்க வரும்போது, என் பத்தியைச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டுவாராம். எனக்கு இவ்வளவு தீவிரமான வாசகர்கள் பினாங்கில் கிடையாது.

போய் இறங்கிய அன்று நூர் அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோற்றில் நெய் ஊற்றி, ஆட்டுக்கறி வறுவலோடு வைத்தாள். ஒரே தட்டில் நாலு குழம்பைக் கலந்து ஊற்றித் தின்று பழகிய பினாங்குக்காரனுக்குக் குழம்பில்லாத சோறு முதலில் வறண்டு தெரிந்தது. மூன்றாவது தடவை வாங்கியபோது அந்த எண்ணம் போய்விட்டது.

சாப்பிட்டு முடித்ததும் பஷீர் விஷயத்துக்கு வந்தார். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அதில் தேவனூர் நாட்டில் பொன்னுசாமி என்று ஒருவர். மிளகும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போடுகிறவர். அவருடைய மகள் மல்லிகா பால்வாடியில் டீச்சர். அவளுக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளை, பெரக்கரை நாட்டில் இருக்கும் அத்தையின் மகன் ரங்கன். ரங்கன் மலேசியாவுக்குப் போய் நாலு வருடமாகிறது. கிள்ளானில் ஓர் உணவகத்தில் ரொட்டி தட்டுகிறான். அவ்வப்போது போட்டோ அனுப்புகிறான். இப்போதெல்லாம் எந்தப் போட்டோவைப் பார்த்தாலும் தலையில் ஒரு சிவப்புத் தொப்பி, காதுவரை இறங்கி இருக்கிறது.

“மொட்டையாயிட்டானாமுங்க” என்றார் பஷீர்.

“யார் சொன்னது?”

“மலேசியாவுல இருக்கற ஒருத்தன் பாத்திருக்கறான். அவன் மச்சினன் இங்க வந்து சொன்னது. இப்ப நாடு நாடாப் பரவிப் போச்சு. அந்தப் புள்ள என்ன சொல்லுதுன்னா, மொட்டைன்னா மொட்டைன்னு சொல்லட்டும், மூஞ்சிய முழுசாக் காட்டாத ஆளுக்கு நான் தலையாட்ட மாட்டேங்குது.”

அந்தச் சமயத்தில்தான் பஷீர் கடையில் என் பத்தியை வாசித்திருக்கிறார். பேசுகிறவருடைய முகம் நம் கையிலேயே தெரிகிற போன், தீபாவளிக்குள் வரப்போகுதாம் என்று எழுதியிருந்தேன். பொன்னுசாமி அங்கே நின்றிருக்கிறார். சரி, அந்தப் போன் வரட்டும், ரங்கன் முகத்தைப் பார்த்துவிட்டு வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம் என்று வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்.

தீபாவளி வந்தது. போன் பொங்கலுக்குத் தள்ளிப்போகுதாம் என்று எழுதினேன். மலையில் நிச்சயமும் பொங்கலுக்குத் தள்ளிப்போனது. பிறகு சித்திரைக்கு என்று எழுதினேன். நிச்சயமும் சித்திரைக்குப் போனது. இப்போது சித்திரையும் முடியப்போகிறது. ரங்கனின் அம்மா, பொன்னுசாமியின் அக்கா பாப்பாயி பொறுமை இழந்து வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

“நீங்களே வந்து சொன்னாத்தான் நம்புவாங்க மச்சான். நான் சொன்னா, பஷீர் பாய் போனை வரவழைச்சு ஒளிச்சு வச்சுக்கிட்டாருன்னு பேச்சு வருது.”

மறுநாள் காலை மலைக்குப் பஸ் ஏறினோம். பினாங்கிலும் மலை இருக்கிறது. நாங்கள் அதற்கு ரயிலில் போவோம். உட்கார்ந்தால் போதும், மேலே கொண்டுபோய் வைத்துவிடும். கொல்லிமலைப் பாதை அப்படி இல்லை. காரவள்ளியைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். இன்னும் எத்தனை பாக்கி என்று தெரிந்துகொள்வது வயிற்றுக்கு நல்லதில்லை என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

பாதி மலையில் ஒரு வளைவில் கிழங்கு லாரி எதிரே வந்து நின்றது. எங்கள் பஸ்தான் பின்னால் போக வேண்டும் என்று முடிவானது. கண்டக்டர் இறங்கி விசில் ஊதினார். பின் சக்கரம் எங்கே நிற்கிறது என்று சன்னல் வழியே பார்த்தேன். சக்கரம் தெரியவில்லை, சேந்தமங்கலம் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தாள்.

“மோந்துக்கிட்டே வாங்க சாமி. எந்தூரு?”

“மலேசியா.”

“அங்க ரோடெல்லாம் நேராப் போவுமாக்கும்” என்றாள், பரிதாபமாக.

பொன்னுசாமி வீட்டு வாசலில் எங்களுக்கு முன்பே ஒரு கூட்டம் இருந்தது. எல்லோரும் என் தோள்பையையே பார்த்தார்கள். பொன்னுசாமி ஒல்லியான, பேச்சு குறைந்த மனிதர். கையைத் துடைத்துக்கொண்டு வந்து கும்பிட்டார்.

“வாங்க பாய். போன் கொண்டாந்துட்டீங்களா?”

நான் வைத்திருந்தது காமிரா உள்ள சாதாரண போன். மலையில் சிக்னலும் இல்லை. எடுத்துக் காட்டினேன். அவரையே ஒரு படம் எடுத்துக் காட்டியதும் கூட்டம் நெருங்கியது. போன் கைமாறிக் கைமாறி வாசலைச் சுற்றிவிட்டு அவரிடமே திரும்பி வந்தது.

“சரிங்க, இப்ப இதுல ரங்கனைப் போடுங்க.”

“இதில் நான் எடுத்த படம் மட்டும்தான் வரும், ஐயா.”

“ரங்கனும் உங்க ஊர்லதானுங்களே இருக்கறான். வரும்போது ஒரு எட்டுப் போய் எடுத்துட்டு வந்திருக்கலாமல்லங்க?”

 அது எனக்குத் தோன்றவே இல்லை. பஷீருக்கும் தோன்றவில்லை என்பது அவர் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதிலிருந்து தெரிந்தது.

“கிள்ளான் எங்கள் ஊரிலிருந்து தூரம். இங்கிருந்து சென்னை போகிற தூரம் இருக்கும்” என்றேன்.

“பக்கம்தானுங்களே” என்றார்.

ஒரு சேவலைப் பிடித்துப் பஷீரிடம் கொடுத்தார்கள். அவர் பின்பக்கம் கொண்டுபோய் பிஸ்மில்லா சொல்லி அறுத்துக் கொடுத்தார். அவர் வந்தால் அதுதான் நடப்பு போலிருக்கிறது, யாரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. சாமைச் சோறும், அவர்கள் காட்டு மிளகை அரைத்துப் போட்ட கோழிக் குழம்பும், வேகவைத்த குச்சிக்கிழங்கும் வந்தன. எங்கள் பக்கத்தில் யுத்தத்தின்போது ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் கிழங்கையே தின்று உயிர் பிழைத்த பெரியவர்கள் இன்றும் அதைத் தட்டில் பார்த்தால் எழுந்து போய்விடுவார்கள். அவர்களை இந்தக் குழம்போடு ஒருமுறை உட்கார வைக்க வேண்டும்.

மல்லிகா பால்வாடியிலிருந்து வந்தாள். குழந்தைகளைக் கேள்வி கேட்டுப் பழகிய குரல். என் எதிரே நின்றுகொண்டாள்.

“நீங்கதான் அதை எழுதுறவருங்களா?”

“ஆமாம்மா.”

“அந்தப் போனை நீங்க பாத்தீங்களா?”

“இல்லை.”

“பாத்தவங்களைப் பாத்தீங்களா?”

“பார்த்தவருடைய அண்ணன் மகனைப் பார்த்தேன்.”

கொஞ்சம் யோசித்தாள். “ரங்கன் மாமா மொட்டைன்னு சொன்னவரும் பாத்தவரோட மச்சினன்தானுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே பத்திரிகையில வேலை பாக்கறீங்களா?”

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே தட்டைத் தள்ளி வைத்தேன். அந்தப் போன் இப்போதைக்கு வராது, எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது, ஹாங்காங் சித்தப்பாவுக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பொன்னுசாமி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தட்டில் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சோற்றைப் பார்த்தபோது பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

“போன்தான் இல்லை. ஆனால் கணினியில் முகம் பார்க்கலாம். நாமக்கல்லில் பிரவுசிங் சென்டர் இருக்கிறதா?”

“இருக்குதுங்க மச்சான். பரீட்சை ரிசல்ட் பாக்கப் போவாங்க” என்றார் பஷீர்.

அங்கே ஒரு கணினி, கிள்ளானில் ஒரு கணினி, இரண்டிலும் சின்னக் காமிரா இருந்தால் பேசிக்கொண்டே பார்க்கலாம் என்று விளக்கினேன். என் நேர்மை அன்றைக்கு எல்லை மீறிப் போயிருந்தது. “படம் தபால்தலை அளவுதான் இருக்கும். திரை முழுக்கத் தெரிகிற புதுப் பதிப்பு வரப்போகிறதாம்” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“அது வர வரைக்கும் காத்திருக்க முடியாதுங்க” என்றாள் மல்லிகா. “தபால்தலை அளவு போதும். எனக்குத் தலைதானே பாக்கோணும்.”

மறுநாள் பாப்பாயியைச் சந்திக்க வாசலூர்பட்டி ஏரிக்கரையில் ஏற்பாடு. அவள் வருவதற்கு நேரமிருக்கிறது என்று பஷீர் படகில் ஏறலாம் என்றார். மிதித்து ஓட்டுகிற படகு. அவர் பக்கத்து மிதிகட்டை வேலை செய்தது. என் பக்கம் செய்யவில்லை. விளைவு, படகு நட்ட நடுவில் போய் வட்டமடிக்கத் தொடங்கியது. பஷீர் வேகமாக மிதித்தால் வட்டம் வேகமாக வந்தது.

அப்போதுதான் பாப்பாயி குடையோடு கரைக்கு வந்து நின்றாள். உயரமான, கணீரென்ற குரலுள்ள பெண். எதுவானாலும் எங்களிடம் இப்போதே பேசித் தீர்த்துவிட வேண்டும் என்ற முடிவோடு வந்திருந்தாள். அவள் கரையிலிருந்து பேசினாள். நாங்கள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்ததால், கரையைப் பார்க்கும்போது மட்டும் அவள் சொல்வது காதில் விழுந்தது.

“எம் பையன் மூஞ்சிய டிவியில காட்டறதுக்கு அவன் என்ன மந்திரியா…”

சுற்றினோம்.

“…நாலு வருசமா ராத்திரி பகலா ரொட்டி தட்டறவன் தலையில முடி இருந்தா என்ன, இல்லீன்னா என்ன…”

சுற்றினோம்.

“…மொதல்ல கரைக்கு வந்து மருவாதையாப் பேசுங்க.”

“வர முடியலீங்கம்மா” என்று பஷீர் கத்தினார்.

படகுக்காரர் கயிறு வீசி இழுத்துக் கரை சேர்த்தார். தலை சுற்றிக்கொண்டிருந்த நிலையில் நான் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். “அம்மா, நீங்களும் உங்கள் பையனை நேரில் பார்க்கலாம். பேசலாம். நாளைக்கே.”

அவள் குடையை மடக்கினாள்.  பிறகு வேறு குரலில் பேசினாள்.

“நெசமாத் தெரிவானா?”

“தெரிவார்.”

“அப்ப மொதல்ல நான் பாக்கறேன். நான் பாத்தப்பறம் அவ பாக்கட்டும்.”

செம்மேட்டில் தொலைபேசிக் கடையிலிருந்து கிள்ளானுக்குப் பேசினேன். பின்னணியில் தட்டுகள் மோதும் சத்தம், யாரோ தே தாரிக் டீ கேட்கும் சத்தம். எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. ரங்கனிடம் விஷயத்தைச் சொல்லி, பக்கத்தில் காமிரா உள்ள ஒரு பிரவுசிங் கடையில் போய் உட்காரச் சொன்னேன்.

“காமிராவெல்லாம் எதுக்குண்ணே. இங்க மழைண்ணே.”

“கடைக்குள் உட்கார்ந்துதானே பேசப்போகிறாய்?”

“கரண்டு போயிரும்ணே.”

“தம்பி, நான் பினாங்குக்காரன். கதை விடாதே லா” என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன்.

பாப்பாயி என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள். “சாமி, நாளைக்கு மத்தியானம் பாய் சொன்ன எடத்துல வந்து உக்காரு. இல்லீன்னா நான் கப்பலேறி வந்துருவேன்” என்று சொல்லிவிட்டு அவன் பதிலைக் கேட்காமலேயே வைத்தாள்.

மலைக்கு வந்த மூன்றாம் நாள் அன்னாசிப்பழம் ஏற்றுகிற வேன் ஒன்றில் நாமக்கல்லுக்கு இறங்கினோம். போவதாக இருந்தவர்கள் ஐந்து பேர். வேன் கிளம்பும்போது நிற்க இடமில்லை. பொன்னுசாமியின் பங்காளிகள், பாப்பாயி பக்கத்துச் சொந்தங்கள், சம்பந்தமே இல்லாமல் தபால்காரர். மொட்டையா இல்லையா என்பது இரண்டு நாடுகளுக்கும் பொதுப் பிரச்சினையாகி விட்டிருந்தது. “யாருக்கு வருதோ சன்னல் பக்கம் போயிக்குங்க” என்று டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் அறிவித்தார். அவர் சொல்லச் சொல்லத்தான் பலருக்கு வந்தது.

பிரவுசிங் சென்டர் ஒரு மாடியில், ஏ.சி. போட்ட சின்ன அறை. பிளைவுட் தடுப்பு வைத்து ஆளுக்கொரு கூண்டு. நடத்துகிறவர் கழுத்தில் டை கட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் கதவை மறித்துக்கொண்டார்.

“எத்தனை பேருங்க சாட் பண்ணப் போறீங்க?”

“ஒருத்தர்தானுங்க. மத்தவங்க பாக்கறதுக்கு” என்றார் பஷீர்.

“செருப்பைக் கழட்டிட்டு வாங்க. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது.”

வாசலில் ஒரு செருப்புக் குன்று உருவானது. தடுப்புப் பலகையைக் கழற்றி வைத்தால்தான் ஆகும் என்று தெரிந்து டை கட்டியவர் கழற்றினார். பக்கத்துக் கூண்டுகளில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன்களும் தங்கள் வேலையை விட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

தொடர்பு கிடைக்க வெகுநேரமானது. கிடைத்ததும் தபால்தலை அளவில் ஒரு கறுப்புக் கட்டம் வந்தது. அதற்குள் சதுரம் சதுரமாக ஏதோ அசைந்தது. சதுரங்கள் சின்னதாகச் சின்னதாக ஒரு முகவாய் வந்தது, மீசை வந்தது, மூக்கு வந்தது. மேலே சிவப்பு.

பாப்பாயி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டித் திரையில் இருந்த முகவாயைத் தொட்டாள். விரல் நுனி அளவுகூட அந்த முகம் இல்லை.

“எளைச்சுட்டியே சாமி.”

“இல்லம்மா. படம் சின்னது.” குரல் உதட்டசைவுக்குப் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. “நீ நல்லாருக்கியாம்மா?”

 பாப்பாயி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். “வா” என்று மல்லிகாவிடம் சொன்னாள். மல்லிகா உட்கார்ந்தாள். மைக்கை வாயருகே இழுத்தாள்.

“மாமா, தொப்பியைக் கழட்டுங்க.”

“எப்படி இருக்கற மல்லிகா?”

“கழட்டுங்க.”

படம் உறைந்து நின்றது.  மறுபடி அசைந்தபோது ஒரு கை தலைக்கு மேலே போயிருந்தது. சிவப்பு மறைந்தது. அந்த இடத்தில் பளீரென்று மஞ்சள் வந்தது.

“பின்னாடி லைட்டு எரியுதுங்க” என்றார் தபால்காரர்.

“உள்ளுக்குள்ள இன்னொரு தொப்பியா?” என்று பாப்பாயி கேட்டாள். “அதையும் கழட்டு சாமி.”

 ஸ்பீக்கரில் ரங்கனின் குரல் வந்தது. “அது முடிம்மா.”

சதுரங்கள் தெளிந்தன. தலை நிறைய முடி. எல்லாம் பழுத்த பலாச்சுளை நிறம்.

“மொட்டையே பரவால்லீங்க” என்றார் பொன்னுசாமி மெதுவாக. அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

பாப்பாயி நம்பவில்லை. பெட்டியில் கலர் கெட்டுவிட்டது என்றாள். டை கட்டியவர் தன் மானிட்டரில் கலர் ஒருநாளும் கெட்டதில்லை என்று கோபப்பட்டார். டி.வி. ரிப்பேர் தெரிந்த பஷீர் நடுவில் புகுந்து, “தம்பி, அங்க காமிராவுல கலரைக் கொறைக்க வழி இருக்கான்னு பாருங்க” என்று மைக்கில் சொன்னார். கிள்ளானில் யாரோ எதையோ குறைத்தார்கள். படம் கறுப்பு வெள்ளையாக மாறியது. மஞ்சள் முடி இப்போது தும்பைப்பூவாகத் தெரிந்தது.

“ஐயோ, முழுசா நரைச்சுப் போச்சே” என்று பாப்பாயி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “கலரையே வைக்கச் சொல்லுங்க.”

மல்லிகா இத்தனை நேரமும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து நான் பயந்துபோனேன். அழுகிறாளோ என்று நினைத்தேன். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு மாமா இப்படி?”

“கடையில கூட வேலை பாக்கறவன் முடி வெட்டக் கத்துக்கறான். பழுப்பு நெறம் அடிக்கறேன்னான். இப்படி வந்துருச்சு. அதுக்கு மேல கறுப்பு அடிச்சேன், பச்சையாயிருச்சு. பச்சைக்கு இதே தேவலைன்னு மறுபடி இதையே அடிச்சுக்கிட்டேன்.”

“மொட்டை அடிச்சிருக்கலாமல்ல?”

“அடிச்சிருப்பேன். ஊர்ல என்னை மொட்டைன்னு பேசிக்கறாங்கன்னு அம்மா போன்ல சொல்லுச்சு. இப்ப மொட்டை அடிச்சா அது நெசமாப் போயிருமேன்னு உட்டுட்டேன்.”

மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு நேர்மையாக எனக்கு யாரும் எந்தத் தகவலும் தந்ததில்லை என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். அப்பாவிடம் திரும்பினாள்.

“வெத்தலை மாத்திக்கலாமுங்க அப்பா.”

“தலை அப்படி இருக்குதே கண்ணு.”

“இருக்கட்டும். காட்டிட்டாரில்ல.” மைக்கில் சொன்னாள். “மாமா, வரும்போது தொப்பி இல்லாம வரோணும். அடிவாரத்துல பஸ் ஏறும்போதே கழட்டிரோணும். தொப்பியோட வந்தா ஊட்டுக்குள்ள உட மாட்டேன்.”

“பஸ்ஸுல எல்லாரும் பாப்பாங்களே மல்லிகா.”

“பாக்கட்டும்.”

பொன்னுசாமி வெற்றிலை பாக்கை மஞ்சள் பையில் கையோடு கொண்டு வந்திருந்தார். இத்தனை மாதமும் வீட்டில் சொல்லாமல் எதிர்பார்ப்போடு இருந்திருக்கிறார் மனிதர். நல்ல நேரம் முடியப்போகிறது என்று யாரோ சொல்ல, அங்கேயே தட்டுக்கு எங்கே போவது என்று தேடினார்கள். டை கட்டியவர் டீ கொண்டுவரும் எவர்சில்வர் தட்டைக் கொடுத்தார். அண்ணன் தம்பி முறைக்காரர்கள் நெருங்கி நிற்க, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து அக்காளும் தம்பியும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். “கீபோர்டுல மஞ்சள் மட்டும் வச்சிராதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன்” என்று டை கட்டியவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்துவிட்டது. தன்னுடைய நிச்சயதார்த்தம் முழுவதும் ரங்கன் வாயைப் பிளந்துகொண்டு, ஒரு கண்ணை மூடியபடி, மஞ்சள் தலையோடு அசையாமல் இருந்தான்.

பாப்பாயி வெற்றிலையில் ஒன்றை எடுத்து அந்தத் தபால்தலைப் படத்துக்கு முன்னால் வைத்தாள். மல்லிகாவின் கன்னத்தை வழித்து விரலை நெட்டி முறித்தாள். கல்லூரிப் பையன்கள் கை தட்டினார்கள்.

வேனில் திரும்பும் பயணத்துக்குப் பயந்த இரண்டு பங்காளிகள் எங்களுக்கு முன்னால் அரசுப் பேருந்தில் ஏறிப் போய்விட்டார்கள். நாங்கள் சேந்தமங்கலத்தில் நிறுத்தி, நூர் கொடுத்த பிரியாணிப் பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு மெதுவாக ஏறினோம். ஏறும்போது யாருக்கும் வாந்தி வரவில்லை. மல்லிகா முன்சீட்டில் பாப்பாயியோடு உட்கார்ந்து, ரங்கன் சின்ன வயதில் தலையில் எண்ணெய் வைக்க விடாமல் ஓடியது பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

செம்மேட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். மலை வாழைப்பழம் வைத்துக் கொடுத்தார்கள். டீ பினாங்கு அளவுக்குத் திடமில்லை என்று பஷீரிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் கையில் கிளாஸோடு என்னிடம் வந்தார். சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“ஏனுங்க, மலேசியா பாய் நீங்கதானுங்களா?”

“ஆமாம்.”

“மூஞ்சியக் காட்டற பெட்டி ஒன்னு வந்திருக்குதாமே. அதுல பேசுனா முடியெல்லாம் பொன்னாயிருதாம். நாமக்கல்லுல இன்னிக்கு ரெண்டு நாட்டு ஆளுங்களும் கண்ணால பாத்தாங்களாம்.”

  நான் விளக்கத் தொடங்குவதற்குள் மல்லிகா வேன் சன்னலிலிருந்து தலையை நீட்டினாள். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை.

“ஆமாங்க” என்றாள். “இங்கயும் ஆடிக்குள்ள வரப்போகுதாமுங்க.”

“வந்துருமா கண்ணு?”

“தள்ளிப் போனாலும் போவும்” என்று சொல்லிவிட்டு, டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னாள்.